சுற்றுக் கணக்கு

சிப்காட்டின் மூன்றாம் கேட்டில்
பையைத் திறந்து காட்டினேன்.
மடிக்கணினி, நான்கு சென்சார்,
காந்தக் கால்கள், ஒரு சுருள் கேபிள்,
எலுமிச்சை சாதம்.
செக்யூரிட்டி சோற்றைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

ஏழாம் நம்பர் ப்ளோயர்.
சாயப்பொடி காயும் அறைக்குக்
காற்றுத் தள்ளுவது அதன் வேலை.
ஈரம் கூடினால் வேகம் ஏறும்,
காய்ந்தால் தானாய் இறங்கும்.
அறுநூறு, தொள்ளாயிரம், ஆயிரத்து நூறு,
மறுபடி எழுநூறு.
ஒரு நிமிடம் ஒரே மாதிரி ஓடாது.

"போன மாசம் வந்தவரு
ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போனாரு"
என்றார் ஃபிட்டர் அஞ்சாப்புலி,
காதில் பஞ்சு, கழுத்தில் ஈரத்துண்டு.
"எனக்கென்னமோ
அது பல்லைக் கடிக்கிற மாதிரியே கேக்குது."

டப்பென்று ஒட்டியது காந்தம்.
திரையில் ஊசியாய் நிற்கவேண்டிய முனைகள்
தாழங்குடா மணலில்
நண்டு எழுதியதை அலை நக்கியது போல்
பரந்து கிடந்தன.
குற்றம் இருந்தது.
வேகம் ஏற ஏறத் தானும் நகர்ந்து
எல்லா எண்ணிலும் கொஞ்சம் பூசி
எந்த எண்ணிலும் அகப்படாமல் இருந்தது.
போன மாதத்து ஆள் பொய் எழுதவில்லை.
கடிகாரத்தை நம்பினார், அவ்வளவுதான்.

"ரெண்டே நிமிஷம்" என்று
கண்ட்ரோல் ரூமிலிருந்து கத்தினார்கள்.
டிரைவை நிறுத்தி, பூட்டி,
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
அஞ்சாப்புலி தண்டைத் துடைத்துக் கொடுத்தார்.
நகத்தளவு பளபளப்பு நாடா ஒட்டினேன்.
அதைப் பார்த்துக் கண் சிமிட்ட
எதிரே ஒரு சிவப்பு ஒளி.

இனி நொடி என்ற பேச்சே இல்லை.
விரைந்து சுற்றினாலும் ஒன்று.
தயங்கிச் சுற்றினாலும் ஒன்று.
ஒவ்வொரு சுற்றையும்
இருநூற்று ஐம்பத்தாறாய் நறுக்கி
அடுக்கி வைத்ததும்
மணல் உதிர்ந்து
ஊசி ஒன்று எழுந்தது:
மூன்று புள்ளி ஐந்து எட்டு.

முழு எண்ணில் வந்திருந்தால்
தண்டையோ இறக்கையையோ கேட்டிருப்பேன்.
இந்த உடைந்த எண்
பேரிங்கின் வெளி வளையத்துடையது.
ஒவ்வொரு சுற்றுக்கும்
மூன்றரைத் தடவைக்குச் சற்று மேலாக
ஒரே பள்ளத்தில்
குண்டுகள் விழுந்து எழுகின்றன.

ஆனால் இன்னொரு மேடு,
முன்பு அசையாமல் நின்றது,
இப்போது நழுவத் தொடங்கியது.
அது சுற்றைச் சேர்ந்ததில்லை, இரும்பைச் சேர்ந்தது.
எந்த வேகத்திலும் தன் சுருதியை விடாத பீடம்.
குனிந்து பார்த்தோம்.
கடல் பக்கத்துப் போல்ட் ஒன்று
உப்பரித்து, கையாலேயே திரும்பியது.
ஒரு கணக்கில் நிற்பது
இன்னொன்றில் ஓடுகிறது.
இரண்டையும் போட்டுப் பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

"எத்தனை நாள் தாங்கும்?"
மேனேஜர் லூர்துராஜ் நின்றபடியே கேட்டார்.
"நாளில் தெரியாது சார்.
குத்துமதிப்பாய் இரண்டு கோடி சுற்று."
போனில் தட்டிப் பார்த்தார்.
"பதினாலு நாள்னு சொல்லுங்களேன்."
"மெதுவா ஓட்டினா கூடும்."
"இருபதாம் தேதி லோடு போகணும்மா."
அதற்குமேல் ஏதும் சொல்லவில்லை,
கையெழுத்து மட்டும் போட்டார்.

புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ஏதோ ஒரு வேகத்தில் மட்டும்
கண்ணாடி கடகடவென்று ஆடியது.
டிரைவர் மிதித்ததும் அடங்கியது.
கிருமாம்பாக்கத்தில் வேகம் குறைய
மறுபடியும்.
பக்கத்துச் சீட்டுக்காரர்
காகிதம் மடித்துச் செருகினார்.
நான் எண்ணிக்கொண்டிருந்ததை
அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு
வாட்ஸ்அப்பில் ஒரு படம்.
எழுத்து எதுவும் இல்லை.
கழற்றிய வெளி வளையம்,
அதில் மிளகளவு பள்ளம்,
அளவுக்குப் பக்கத்தில் வைத்த
அஞ்சாப்புலியின் கட்டைவிரல்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பள்ளத்தைவிட அந்த நகம்
அதிகம் சிதைந்திருந்தது.